கதவைத் திறந்தவர்களும் கையெழுத்திட்டவர்களும்

போர் ஓய்வதற்கு முன்பே தொடங்கிவிடும் பேச்சுவார்த்தைகளைப் பற்றி எழுதுவதும், அவை குறித்த அரசு ஆவணங்களையும் இருதரப்பு நினைவுக் குறிப்புகளையும் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்ப்பதும் என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறுக்க முடியாத ஓர் உண்மை உண்டு. ஆயுதம் ஏந்தியவர்களோடு பேச்சுக்கே இடமில்லை என்று அமைச்சர் அவையில் முழங்கிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், அவருடைய அரசின் உளவுத்துறை ஆள் ஒருவர் எங்கோ ஒரு வீட்டின் முன்னறையில் அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். முதன்முறை இதை அறிபவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். கொஞ்சம் பழகியதும் இதுவல்லவா ராஜதந்திரம் என்று மெச்சத் தொடங்குகிறார்கள். உளவாளிகளின் சமாதானப் பணியைப் பற்றி வந்துள்ள எழுத்தில் பெரும்பகுதி இந்த மெச்சுதலோடு நின்றுவிடுகிறது. ஓய்வுபெற்ற அதிகாரிகளின் நூல்களில் இது இன்னும் கூடுதல். யாருக்கும் தெரியாமல் தான் செய்ததுதான் போரை முடித்தது என்று நம்ப ஒவ்வொருவருக்கும் ஆசை இருக்கிறது. என் வாதம் வேறு. உளவுத்துறை கதவைத் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். பல இடங்களில் அதைத் தவிர வேறு யாராலும் அது முடிந்திருக்காது. ஆனால் திறந்த கதவை அரசியல் பொறுப்புள்ளவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அது விலகிக்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரம் விலகுகிறதோ அவ்வளவு உயிர் மிஞ்சும்.

இதைச் சோதித்துப் பார்க்க வட அயர்லாந்தைவிடத் தெளிவான களம் கிடையாது. 1972 ஜூன் 20 அன்று டெரி நகருக்கு அருகே ஒரு வீட்டில் பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6இன் ஃபிராங்க் ஸ்டீலும், பிலிப் வுட்ஃபீல்ட் என்ற அரசு அதிகாரியும், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐஆர்ஏ தரப்பில் வந்த இருவரைச் சந்தித்தார்கள். அவர்களில் ஒருவர், அந்தச் சந்திப்புக்காகவே தடுப்புக்காவலிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜெரி ஆடம்ஸ். ஜூன் 26 முதல் போர்நிறுத்தம். ஜூலை 7 அன்று ஐஆர்ஏ தலைவர்களை விமானப்படை விமானத்தில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோய், செல்சியில் ஒரு துணை அமைச்சரின் வீட்டில், வட அயர்லாந்துப் பொறுப்பு அமைச்சர் வில்லியம் வைட்லாவின் முன் உட்கார வைத்தார்கள். ஐஆர்ஏ தலைவர் ஷான் மக் ஸ்டீஃபன் கோரிக்கைகளைப் படித்தார். 1975 ஜனவரி 1க்குள் பிரிட்டிஷ் படை வெளியேற வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இரண்டே நாளில் போர்நிறுத்தம் முறிந்தது. ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உளவுத்துறை அவசரப்பட்டு இருதரப்பையும் நேருக்கு நேர் நிறுத்தியதுதான் தவறு என்று பிற்பாடு பலரும் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அமைச்சருக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை; அதுதான் தவறு. அரசிடம் கொள்கை இல்லாதபோது உளவாளி எவ்வளவு சாமர்த்தியமாக ஆட்களைக் கூட்டி வந்தாலும் பயனில்லை.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஐஆர்ஏவோடு எந்தத் தொடர்பும் கூடாது என்பது அரசின் நிலையானது. 1973இல் ஸ்டீலின் இடத்துக்கு வந்த மைக்கேல் ஓட்லி அந்தத் தடையின் விளிம்பிலேயே நின்று வேலை செய்தார். அவருக்குக் கிடைத்த இடையாள் பிரெண்டன் டடி, டெரியில் மீன் வறுவல் கடை உட்படச் சில தொழில்கள் நடத்திய வணிகர். வன்முறையை ஏற்காதவர், ஆனால் ஐஆர்ஏ தலைவர்களுக்கு வேண்டியவர். பின்னாளில் துணை முதலமைச்சரான மார்ட்டின் மெக்கின்னஸ் இளைஞராக இருந்தபோது டடியின் கடைக்கு இறைச்சி வடை கொண்டுவந்து போடும் வேலை பார்த்தவர். இந்தத் தொடர்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தது. மூங்கில் குழாய் ஒன்றின் ஒரு முனையில் தானும் மறுமுனையில் ஐஆர்ஏவும் மெல்ல ஊதிப்பார்த்து, எதிரே ஆள் இருப்பதை அறிந்துகொள்வதாக ஓட்லி இதை வருணித்திருக்கிறார். மிகச் சரியான வருணனை. உளவுத்துறையின் பலம் முழுவதும் அதில் இருக்கிறது: அரசு மாறினாலும் ஆள் இருப்பார், குண்டு வெடித்த மறுநாளும் தொலைபேசியை எடுப்பார், அகப்பட்டுக்கொண்டால் அவரை எங்களுக்குத் தெரியாது என்று அரசு கைகழுவலாம். அமைச்சரால் இது எதுவும் முடியாது. அதே வருணனையில் பலவீனமும் இருக்கிறது. குழாயில் வரும் காற்று எதிரே ஆள் இருப்பதைச் சொல்லும். அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதைச் சொல்லாது.

1975இல் அந்த பலவீனத்தின் விலை தெரிந்தது. பிப்ரவரியில் ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்தது. அதைக் கண்காணிக்க ஐஆர்ஏவின் அரசியல் கட்சியான ஷின் ஃபெயினின் ஆட்கள் அமர்ந்த மையங்கள் திறக்கப்பட்டு, அங்கிருந்து அரசு அலுவலகத்துக்கு நேரடித் தொலைபேசி இணைப்பும் தரப்பட்டது. ருவாரி ஓ பிராடி உள்ளிட்ட அன்றைய தலைமை, பிரிட்டன் மெல்ல வெளியேறத் தயாராகிறது என்று நம்பியது. அப்படி நம்புவதற்கு இடம் தரும் சொற்கள் அவர்கள் காதில் விழுந்தன. அதே சொற்களை லண்டன், எந்த உறுதிமொழியும் தரவில்லை என்று தன் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டது. ஆண்டு முடிவதற்குள் போர்நிறுத்தம் பெயரளவில்கூட இல்லை. 1976 மார்ச் முதல் சிறைக் கைதிகளின் தனித் தகுதி ரத்தானது. இந்த இடைவெளியில் அரசு உளவு சேர்த்துக்கொண்டது, போராட்டத்தை வெறும் குற்றமாக மாற்றும் திட்டத்தைத் தீட்டிக்கொண்டது, நாம் ஏமாந்தோம் என்பது ஆடம்ஸ் தலைமுறையின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் அவர்கள் பழைய தலைமையை ஓரங்கட்டினார்கள். 1983இல் ஓ பிராடியின் இடத்தில் ஆடம்ஸ் அமர்ந்தார். ஓட்லி நேர்மையற்றவர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. படித்த வரையில் இருதரப்பும் அவரை மதித்திருக்கிறது. அவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவருடைய வார்த்தை அரசின் வார்த்தை ஆகாது என்பதுதான் சிக்கல். இரு பொருள்பட்ட சொற்களால் வாங்கிய ஒரு போர்நிறுத்தம், அடுத்த தலைமுறைக்கு அரசின் பேச்சையே நம்பக் கூடாது என்று கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கச் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

சிறைக் கைதிகளின் 1981 உண்ணாவிரதத்தில் நடந்தது இதைவிடக் கொடியது. பாபி சாண்ட்ஸ் உட்பட நால்வர் இறந்திருந்த நிலையில், ஜூலை முதல் வாரம் அதே டடி வழியாக லண்டனிலிருந்து சில சலுகைகள் பற்றிய செய்தி வந்தது. ஜூலை 8 அன்று ஜோ மெக்டோனல் இறந்தார். அவருக்குப் பின் ஐவர். அந்தச் சலுகைகள் கைதிகளுக்குப் போதுமானவையாக இருந்தன என்றும், வெளியே இருந்த தலைமைதான் அவற்றை ஏற்கவில்லை என்றும் கைதிகளின் செய்தித் தொடர்பாளராக இருந்த ரிச்சர்ட் ஓ ராவே 2005இல் எழுதினார். ஷின் ஃபெயின் அதை மறுத்தது. அரசு உறுதியான வாக்கு எதையும் தரவில்லை என்று அந்தக் கட்சி சொன்னது. டடி தன் குறிப்பேடுகளைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்த பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை. எது சொல்லப்பட்டது, யார் சொன்னது, எந்த அதிகாரத்தில் சொன்னது என்ற மூன்று கேள்விக்கும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். அது இல்லாததால், அந்தக் கடைசி ஆறு பேரின் குடும்பங்கள் தங்கள் பிள்ளை சாகாமல் இருந்திருக்கலாமோ என்ற சந்தேகத்தோடு வாழ வேண்டியதாயிற்று.

1993இல் நடந்ததையும் பார்த்துவிடலாம். அதற்குள் ஓட்லி ஓய்வு பெற்றிருந்தார். தொடர்பு, உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5இன் கைக்குப் போயிருந்தது. மோதல் முடிந்துவிட்டது, அதை முடித்துவைக்கும் வழியை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்ற பொருளில் ஐஆர்ஏ தலைமையிடமிருந்து வந்ததாக ஒரு செய்தி பிப்ரவரியில் லண்டனை அடைந்தது. மார்ச் 20 அன்று வாரிங்டனில் ஐஆர்ஏ வைத்த குண்டு இரண்டு சிறுவர்களின் உயிரைப் பறித்தது. மூன்றே நாளில், 23ஆம் தேதி, ஓர் எம்ஐ5 அதிகாரி டெரியில் ஷின் ஃபெயினின் மெக்கின்னஸையும் ஜெரி கெல்லியையும் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்குத் தான் அனுமதி தரவில்லை என்று அரசு பின்னர் சொன்னது. நவம்பர் 1 அன்று பிரதமர் ஜான் மேஜர், ஆடம்ஸோடு பேசுவது என் வயிற்றைக் குமட்டும் என்ற பொருள்பட அவையில் பேசினார். நவம்பர் 28 அன்று அப்சர்வர் ஞாயிறு ஏடு ரகசியத் தொடர்பை அம்பலப்படுத்தியது. அமைச்சர் பாட்ரிக் மேஹ்யூ வெளியிட்ட ஆவணங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிழைகள் இருந்ததை அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிப்ரவரிச் செய்தி மெக்கின்னஸிடமிருந்து வந்தது என்றது அரசு. அப்படி ஒரு செய்தியை நான் அனுப்பவே இல்லை என்றார் மெக்கின்னஸ். அது எப்படி உருவானது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அந்தச் செய்தியைத் தங்கள் விருப்பத்துக்கேற்ப இடையாட்களே செப்பனிட்டிருக்கக் கூடும் என்று சிலர் பாராட்டாகச் சொல்கிறார்கள். நல்ல பொய் நாட்டுக்கு நன்மை செய்தது என்கிறார்கள். எனக்கு அது பாராட்டாகத் தெரியவில்லை. இல்லாத சரணாகதியை எதிர்பார்த்து லண்டன் மேசைக்கு வந்தது. ஐஆர்ஏ 1994 ஆகஸ்ட் 31 அன்று ஆயுதத்தை நிறுத்தியதும், ஆயுதங்களை முதலில் ஒப்படைத்தாக வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்ததற்கும், 1996 பிப்ரவரியில் லண்டன் கப்பல்துறைப் பகுதியில் குண்டு வெடித்துப் போர்நிறுத்தம் முறிந்ததற்கும் இந்த எதிர்பார்ப்பு ஓரளவாவது காரணம் என்றே நினைக்கிறேன்.

ரகசியம் இல்லாமல் பேச்சு தொடங்கவே முடியாதே என்று இங்கே கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு தாய் தன் மகனை அடக்கம் செய்துகொண்டிருக்கும்போது கொன்றவர்களோடு அமைச்சர் கைகுலுக்கும் படம் வெளியானால் எந்த அரசும் நிற்காது. மறுதரப்புத் தலைவரை அவருடைய ஆட்களே துரோகி என்று சுட்டுவிடலாம். ரகசியத்தை நான் மறுக்கவில்லை. ரகசியமாகப் பேசுவதும், பேசியதே இல்லை என்று சாதிப்பதும் ஒன்றாகாது என்கிறேன். ரகசியப் பேச்சில் குறிப்பு எழுதலாம், அமைச்சரின் ஒப்புதல் இருக்கலாம், காலம் வரும்போது அவையில் வைக்கலாம். மறுக்கத்தக்க பேச்சில் இது எதுவும் இருக்காது. ஏனென்றால் எழுத்து இருந்தால் மறுக்க முடியாது.

இந்த வேறுபாட்டைத் தென்னாப்பிரிக்கா நன்றாகக் காட்டுகிறது. 1988 மே மாதம் போல்ஸ்மூர் சிறையில் மண்டேலாவைச் சந்திக்கத் தொடங்கிய குழுவில் தேசியப் புலனாய்வுப் பிரிவின் தலைவர் நீல் பர்னார்டும் இருந்தார். உளவுத்துறைத் தலைவர் உள்ளே வருவதை மண்டேலா முதலில் விரும்பவில்லை. தன் இயக்கத்தவர் சந்தேகப்படுவார்கள் என்று தயங்கித்தான் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டவர் வாய்ப்பேச்சோடு விடவில்லை. 1989இல் அதிபர் பி. டபிள்யூ. போத்தாவுக்குத் தன் நிலைப்பாட்டை நீண்ட மனுவாக எழுத்தில் கொடுத்தார். ஜூலை 5 அன்று இருவரும் அதிபர் மாளிகையில் நேரில் சந்தித்தார்கள். அறைக்குள் போவதற்கு முன் மண்டேலாவின் காலணிக் கயிறு சரியாகக் கட்டப்படவில்லை என்பதைப் பார்த்த பர்னார்ட் குனிந்து கட்டிவிட்டார். உளவுத்துறையின் முறையான இடத்தை இதைவிட நன்றாகக் காட்டும் காட்சியை நான் படித்ததில்லை: கைதியை அதிபரின் வாசல் வரை தயார்செய்து கொண்டுவந்து நிறுத்துவது. செப்டம்பரில் அதே அமைப்பின் மைக் லோவும் மாரிட்ஸ் ஸ்பார்வாட்டரும் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகர விடுதியில் மண்டேலாவின் இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தாபோ எம்பெகியையும் ஜேக்கப் ஜூமாவையும் சந்தித்தார்கள். அதன் விவரத்தைப் புதிய அதிபர் டி கிளர்க்கிடம் கொடுத்தார்கள். டிசம்பரில் அவர் மண்டேலாவைத் தானே சந்தித்தார்; 1990 பிப்ரவரி 2 அன்று நாடாளுமன்றத்தில் அந்த இயக்கத்தின் மீதான தடையை நீக்கினார். லூசர்னிலிருந்து கணக்கிட்டால் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அயர்லாந்தில் இருபது ஆண்டு ஆனது. பனிப்போரின் முடிவு, பொருளாதாரத் தடை, தெருப்போராட்டம் எல்லாம் தென்னாப்பிரிக்காவை நெருக்கின, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது சரி. ஆனாலும் கைமாற்றம் ஒரு முடிவு. அதை எடுத்தவர்கள் மனிதர்கள். எடுக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் அதே நாடு சாட்சி. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ராணுவ உளவுப் பிரிவின் மறைமுக வேலைகள் தொடர்ந்தன. 1992 டிசம்பரில் 23 ராணுவ அதிகாரிகள் மீது டி கிளர்க் நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று.

எதிரியைப் பற்றி உளவுத்துறைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும் என்பது அடுத்த மறுப்பு. ஆப்கானிஸ்தான் இதற்கு விடை சொல்கிறது. 2010இல் தாலிபான் தலைவர்களில் ஒருவரான முல்லா அக்தர் மன்சூர் என்று நம்பி ஒருவரைப் பிரிட்டிஷ் உளவுத்துறை காபூலுக்கு விமானத்தில் கொண்டுவந்தது. அவருக்குப் பெரும் பணம் கொடுக்கப்பட்டது. அவர் மன்சூர் இல்லை என்பது அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. ஆள்மாறாட்டம் எங்கும் நடக்கும்தான். ஆனால் ரகசியமாக நடந்த பேச்சில், அவரை நேரில் அறிந்த பத்துப் பேரிடம் காட்டிக் கேட்கும் வழியே அடைபட்டுப்போகிறது. சேகரித்த தகவலை யாரிடமும் சரிபார்க்க முடியாத அமைப்பே அந்தத் தகவலை மதிப்பிடவும் செய்தால் இதுதான் நேரும். அதே ஆண்டு பிப்ரவரியில் ஆப்கன் அதிபர் கர்சாய் தரப்போடு தொடர்பில் இருந்ததாகச் சொல்லப்பட்ட தாலிபான் தலைவர் முல்லா பராதரைக் கராச்சியில் பாகிஸ்தான் பிடித்து உள்ளே வைத்தது. எட்டு ஆண்டுக்குப் பின் வெளியே வந்தார். அவரோடுதான் அமெரிக்கா 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் ஒப்பந்தம் செய்தது. இடையில் போன ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. ஊடுருவிய ஒற்றர்கள் ஐஆர்ஏவை உள்ளிருந்து அரித்ததால்தான் அது மேசைக்கு வந்தது, பேச்சும் ஒற்றும் ஒரே வேலையின் இரு பக்கம் என்கிறார்கள். ஐஆர்ஏவுக்குள்ளேயே துரோகிகளைக் கண்டுபிடித்துக் கொல்லும் பிரிவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஒற்றர் ஒருவர் இருந்தார். அவர் நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தார் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அதை விசாரித்த கெனோவா குழுவின் 2024 மார்ச் இடைக்கால அறிக்கை அதற்கு ஆதாரமில்லை என்றது. காத்த உயிர்களைவிடப் போன உயிர்களே அதிகமாக இருக்கக்கூடும் என்றது. 1998 சமாதான ஒப்பந்தம் வந்த பிறகும் ஒற்று ஓயவில்லை. ஐஆர்ஏ உளவு பார்த்ததாகச் சொல்லி 2002 அக்டோபரில் ஷின் ஃபெயினின் சட்டப்பேரவை அலுவலகத்தில் சோதனை நடந்தது. அரசு கவிழ்ந்து, பேரவை 2007 மே வரை முடங்கியது. அந்த வழக்கில் கைதான அலுவலக நிர்வாகி டெனிஸ் டொனால்ட்சன் மீதான குற்றச்சாட்டு 2005 டிசம்பரில் கைவிடப்பட்டது. பல ஆண்டுகளாகப் பிரிட்டனின் ஒற்றராக இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். நான்கு மாதத்தில் டோனகல் குடிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்தலில் நின்று, வாக்கெடுப்பில் வென்று அமைத்த ஓர் ஆட்சியை அரசின் ரகசிய வேலை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அதே நாட்டில் வெற்றி பெற்ற ஒப்பந்தம் எப்படி உருவானது என்று பாருங்கள். பலகட்சிப் பேச்சு, அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் தலைமை, 1998 ஏப்ரல் 10 அன்று எழுத்தில் உடன்பாடு. அதன் வாசகத்தை அச்சடித்து வட அயர்லாந்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினார்கள். மே 22 அன்று 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

நம் பக்கத்துக்கும் இது பொருந்தும். 1983க்குப் பிறகு ஈழப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி தந்தது இந்திய உளவு அமைப்பான ரா. 1985இல் திம்புவில் அதே குழுக்களையும் இலங்கை அரசையும் எதிரெதிரே உட்கார வைத்து நடுவராக நின்றதும் இந்தியா. ஆயுதம் கொடுத்த கையை நடுநிலையாளர் என்று கொழும்பு நம்பவில்லை. கொடுத்த கையே இப்போது கழுத்தைப் பிடிக்கிறது என்று குழுக்கள் நினைத்தன. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன, போரிட்டவர்கள் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் இந்திய அமைதிப்படையும் விடுதலைப் புலிகளும் போரில் இறங்கினர். அந்த மரணங்களுக்கு உளவுத்துறையை மட்டும் குற்றம் சாட்டுவது அநியாயம். ஆனால் அந்தக் கொள்கையில் எந்தப் பகுதி வெளியுறவுத் துறையுடையது, எந்தப் பகுதி ராவுடையது என்று நாடாளுமன்றம் கேட்கவே முடியாத நிலை இருந்ததே, அது அரசியல் தலைமையின் குற்றம்.

நாகா பேச்சில் இன்றும் அதே நிலைதான். 1997 முதல் போர்நிறுத்தம் நிலவுகிறது. 2015 ஆகஸ்ட் 3 அன்று என்.எஸ்.சி.என் (ஐ.எம்) என்ற நாகா ஆயுத அமைப்போடு சட்டக உடன்பாடு கையெழுத்தானது. மத்திய அரசின் பிரதிநிதியாகக் கையெழுத்திட்டவர் ஐ.பி. உளவுத்துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஆர்.என்.ரவி, பிற்பாடு தமிழ்நாட்டு ஆளுநரானவர். உடன்பாட்டின் வாசகம் ஐந்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. 2020 ஆகஸ்டில் அதை வெளியிட்டது அரசில்லை, மறுதரப்பு. அரசின் பிரதிநிதி திருத்திய வடிவத்தைச் சுற்றுக்கு விட்டார் என்ற குற்றச்சாட்டோடு வெளியிட்டது. அவருக்குப் பின் பேச்சை ஏற்று நடத்த வந்தவரும் ஐ.பி.யின் ஓய்வுபெற்ற அதிகாரியே. உடன்பாடு கையெழுத்தாகிப் பத்தாண்டு தாண்டியும் இறுதி ஒப்பந்தம் வரவில்லை. இந்த அதிகாரிகளின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காட்டிலும் வெளிநாட்டிலும் ஆட்களைத் தேடிப் பிடித்து நம்பிக்கையை உண்டாக்கியது அவர்களும் அவர்களுடைய முன்னோடிகளும்தான். அந்த வேலை முடிந்து நெடுநாள் ஆகிறது. இனிப் பேச வேண்டியவர்கள் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்கள். தில்லி அரசு பேச்சை ஒரு மத்திய அமைச்சரின் பொறுப்பில் வைக்கட்டும். நாகாலாந்து, மணிப்பூர் உள்ளிட்ட மாநிலங்களின் பிரதிநிதிகளை உட்கார வைக்கட்டும். இதுவரை பேசியது, ஒப்புக்கொண்டது அனைத்தையும் நாடாளுமன்றத்தின் முன் எழுத்தில் வைக்கட்டும்.